துண்டும் நாணயமும்

தோளில் போட்டால் துண்டு. வெட்டி எடுத்தாலும் துண்டுதான். இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களிலோ ஒரு காலத்தில் அது ஒரு காகிதத்தின் பெயர். கடன் பாக்கியாக இன்ன தொகையைக் கட்டினால், ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணியையும் அவருடைய ஆட்களையும் விடுவிக்கத் தயார் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. வெள்ளைக்காரர்களும் வேறு சொல் தேடாமல் ‘துண்டு’ என்றே எழுதினார்கள்.

அந்தச் சீட்டோடு கங்காணி அடுத்த தோட்டத்துக்குப் பேரம் பேசப் போவார். அங்குள்ள துரை பணத்தைக் கட்டுவார். ஆட்கள் மாறுவார்கள், கடன் மட்டும் கூடவே வரும், பெரும்பாலும் கூடியும் வரும்.

கடனைக் குறிக்கும் ‘கிரெடிட்’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் நம்புதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. துரை கங்காணியை நம்பினார். இன்னொரு துரை தாளை நம்பினார். கொழுந்து பறித்தவரை யார் கேட்டார்கள்?

1921இல் சட்டம் துண்டை ஒழித்தது.