முகமூடியும் நிய்யத்தும்

நன்மை செய்கிறவன் தன் முகத்தை மறைத்துக்கொள்ளலாமா? மறைவில் செய்த நன்மை, பலர் அறியச் செய்த நன்மையினும் உயர்ந்ததா? அறநெறி ஆய்ந்த பெரியோர் நெடுங்காலமாக எண்ணிப் பார்த்த இக்கேள்விகளை, சிறுவர் மகிழ எடுக்கப்பட்ட ஒரு தொலைக்காட்சிக் கதையும் எழுப்புகிறது. வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் தயாரித்து, அமெரிக்காவில் 1957 முதல் 1959 வரை ஒளிபரப்பான 'ஸோரோ' என்னும் தொடரே அது.

ஸோரோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு நரி என்பது பொருள். 1919இல் ஜான்ஸ்டன் மெக்கல்லி என்னும் எழுத்தாளர் படைத்த இந்தப் பாத்திரம், மறு ஆண்டே ஊமைப்படமாகத் திரைக்கு வந்தது. தொலைக்காட்சித் தொடரில் கை வில்லியம்ஸ் என்னும் நடிகர் அவ்வேடம் தாங்கினார். 1957 அக்டோபர் 10ஆம் நாள் ஒளிபரப்பான முதல் அத்தியாயமே நம் சிந்தனைக்குப் போதுமானது.

கதை நிகழும் காலம் 1820. கலிபோர்னியா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒரு சிற்றூர். ஸ்பெயினில் கல்வி பயின்று கப்பலில் ஊர் திரும்பும் டான் டியாகோ என்னும் இளைஞன், தன் ஊர் மோனஸ்டாரியோ என்னும் படைத்தலைவனின் கொடுங்கோலின்கீழ் வாடுவதை வழியிலேயே அறிகிறான். டியாகோ வாள்வீச்சில் வல்லவன். பரிசுகள் பல வென்றவன். ஆயினும் படைபலம் உள்ளவனை நேர்நின்று எதிர்த்தால் தன்னோடு தன் குடும்பமும் அழியும் என்று உணர்கிறான். வென்ற பரிசுகளைக் கடலில் எறிந்துவிடுகிறான். ஊரார் கண்ணுக்கு அவன் இனி ஏட்டைத் தவிர வேறொன்றும் அறியாத மெல்லியன். இரவானால் கறுப்பு முகமூடி அணிந்து ஸோரோவாக வந்து, அநியாயமாகச் சிறையிடப்பட்ட அண்டைப் பண்ணையார் ஒருவரை விடுவிக்கிறான். வாய் பேச இயலாத பணியாள் பெர்னார்டோ, செவியும் கேளாதவன்போல் நடித்து அவனுக்குத் துணை நிற்கிறான்.

ஊன்றி நோக்கினால், டியாகோவிடம் இரண்டு முகமூடிகள் இருப்பது புலப்படும். இரவில் அணியும் கறுப்புத் துணி ஒன்று; பகலில் அணியும் கோழை வேடம் மற்றொன்று. முதலாவதை அணிவது எளிது. அது பகைவனிடமிருந்து உயிரைக் காக்கிறது. மக்களின் வியப்பையும் தேடித் தருகிறது. இரண்டாவதோ மானத்தை விலையாகக் கேட்கிறது. மானமே பெரிதென வாழும் முதியவர் அவன் தந்தை டான் அலெஹாந்த்ரோ. தம் மகன் வீரனாகத் திரும்பி வருவான் என்று காத்திருந்த அவர், அவனுடைய போக்கைக் கண்டு மனம் நொந்துபோகிறார். ஒரு சொல் சொன்னால் தந்தையின் முகம் மலர்ந்துவிடும். அந்தச் சொல்லை மகன் விழுங்கிக்கொள்கிறான்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. தன் மானத்தை விட்டுக்கொடுக்க டியாகோவுக்கு உரிமை உண்டு. தந்தையின் மன அமைதியை விட்டுக்கொடுக்கும் உரிமையை அவனுக்கு யார் தந்தார்? பெற்றோரின் உள்ளத்தை நோகச் செய்வதை நம் மார்க்கம் சிறு குற்றமாகக் கருதவில்லை. உண்மையை அறிவது தந்தைக்கே ஆபத்தாகும் என்ற நிலை இருக்கும்வரையில் அந்த மௌனத்துக்கு நியாயம் உண்டு. அந்நிலை நீங்கிய பின்னும் மௌனம் நீடிக்குமானால் அது பிறர் மீது இழைக்கும் கொடுமையே. மறைந்து செய்யும் நன்மைக்குரிய விலையை நாமே செலுத்த வேண்டும். நம் வீட்டாரைச் செலுத்தச் சொல்வது முறையன்று.

பிறர் பழிப்பைப் பொறுத்துக்கொண்டு நன்மையை மறைக்கும் வழி, இஸ்லாமிய ஆன்மிக வரலாற்றுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் நிஷாப்பூர் நகரில் 'மலாமதிய்யா' என்னும் கூட்டத்தார் தோன்றினர். கி.பி. 884இல் மறைந்த ஹம்தூனுல் கஸ்ஸார் (ரஹ்) அவர்களுள் முதன்மையானவர். 'மலாமத்' என்றால் பழிப்பு. நற்செயலை மக்கள் காணாமல் மறைப்பதும், அவர்கள் பழித்தால் அதைப் பொருட்படுத்தாதிருப்பதும் அவர்தம் நெறி. ஆனால் லாகூரில் அடங்கியிருக்கும் ஹுஜ்வீரி (ரஹ்) அவர்கள், பழிப்பைத் தேடி அலைவதும் பிறர் பார்வையைத் தேடுவதன் மற்றொரு வடிவமே என்று எச்சரித்தார்கள். ரியா எனும் முகத்துதி எத்தனை வாசல் வழியாக உள்ளே நுழைகிறது, பாருங்கள்!

ஸோரோவும் இந்த நுண்ணிய பொறிக்குத் தப்பவில்லை. முகத்தை மறைத்த அவன், தான் சென்ற இடமெல்லாம் வாள்முனையால் 'இஸட்' என்னும் எழுத்தைக் கீறிவிட்டுப் போகிறான். முகம் மறைந்தது, பெயர் வளர்ந்தது. ஒடுங்கிக் கிடக்கும் மக்களுக்கு அந்த எழுத்து தைரியம் அளிக்கிறது, செய்தவன் இன்னான் எனக் காட்டுவதால் குற்றமற்ற வேறொருவன் தண்டனைக்கு ஆளாகாமல் தடுக்கிறது என்றெல்லாம் அதற்கு நியாயம் கூறலாம். ஆயினும் அந்த எழுத்தையும் கீறாமல் ஒருவன் போக முடியுமா என்று மனம் கேட்கிறது.

போனவர் ஒருவர் உண்டு. உமையாக்களின் தளபதி மஸ்லமா இப்னு அப்துல் மலிக் ஒரு கோட்டையை முற்றுகையிட்டபோது நிகழ்ந்ததாக இப்னு குதைபா (ரஹ்) தம் 'உயூனுல் அக்பார்' நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். கோட்டைச் சுவரில் இருந்த துளை வழியே புகுந்து, வெற்றிக்கு வழி திறந்தார் ஒரு வீரர். அவரைத் தளபதி அழைத்தார், எவரும் முன்வரவில்லை. மீண்டும் வேண்டி அழைத்தபின் ஒருவர் வந்து, அந்த வீரரைக் காட்டுவதற்கு மூன்று நிபந்தனைகள் விதித்தார். கலீஃபாவுக்கு எழுதும் மடலில் அவர் பெயரைக் குறிக்கலாகாது, அவருக்குப் பரிசளிக்கலாகாது, அவர் யார், எக்குலத்தவர் என்று கேட்கலாகாது. தளபதி இசைந்ததும், "நானே அவர்" என்று சொல்லிவிட்டுச் சென்றார் வந்தவர். அந்தத் துளைக்குரியவரோடு தம்மையும் சேர்த்து வைக்குமாறு மஸ்லமா தம் தொழுகைக்குப் பின் துஆ கேட்டு வந்தாராம். இன்றுவரை அவ்வீரரின் பெயரை உலகம் அறியாது.

அப்படியானால் முகமூடி என்பதே மேன்மைக்கு அடையாளமா? அல்லவே அல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்களில், உள்நாட்டுப் போர் முடிந்த காலத்தில், டென்னஸி மாநிலத்தில் தோன்றிய கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரும் முகத்தை மூடிக்கொண்டு இரவில்தான் வந்தனர். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அடித்தனர், கொன்றனர். வேடமிட்டுச் சென்று பிறர் உரிமையைப் பறிப்போரை ஒடுக்க 1871இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. துணி ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். ஆகவே முகமூடியைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது புகழை மறைக்கிறதா, பழியை மறைக்கிறதா? தனக்கு வரவேண்டிய புகழை மறைப்பவன் எதையோ இழக்கிறான். அந்த இழப்பே அவன் நிய்யத்துக்குச் சான்று. தன்மேல் விழவேண்டிய பழியை மறைப்பவன் தப்பித்துக்கொள்கிறான். அங்கே முகமூடி குற்றத்தின் கூட்டாளி.

மறைவில் செய்யும் நன்மைக்கு இன்னொரு பயனும் உண்டு. கர்பலாக் களத்தில் தந்தை இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களை இழந்து உயிர் எஞ்சிய இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரலி) அவர்கள், மதீனாவில் இரவு நேரங்களில் உணவு மூட்டைகளைத் தம் முதுகிலே சுமந்து சென்று ஏழைகளின் வீடுகளில் சேர்ப்பார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறும். கொடுத்தவர் யார் என்பது அவர்களின் மறைவுக்குப் பின்னரே தெரிந்தது. குளிப்பாட்டியவர்கள் அம்முதுகில் மூட்டை சுமந்த தழும்பைக் கண்டார்கள். கொடுத்தவர் தம் முகத்தை இருளில் வைத்தார்கள்; அதனால் வாங்கியவர்கள் எவர் முன்னும் தலைகுனிய நேரவில்லை.

தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே, மறைத்து ஏழைகளுக்கு அளிப்பது அதனினும் நன்று என்பது திருமறை அல்பகரா அத்தியாயத்தின் கருத்து. வெளிப்படையான கொடை பிறரையும் தூண்டும்; அதை இகழ்வதற்கில்லை. ஆனால் இன்று அரிசிப் பையின் ஒரு முனையைக் கொடுப்பவர் பிடிக்க, மறு முனையை விதவைத் தாய் ஒருத்தி பிடிக்க, கைப்பேசி படம் எடுக்கிறது. அந்தப் படத்தில் கொடுப்பவர் தம் முகத்தைக் காட்டுவது அவர் விருப்பம். அத்தாயின் முகத்தை ஊருக்குக் காட்ட அவரிடம் அனுமதி பெற்றவர் யார்? மறுக்க முடியாத நிலையில் இருப்பவரின் மௌனம் அனுமதியாகாது.

ஸோரோவின் கதையைக் காணும் நம் பிள்ளைகள் வாளையும் குதிரையையும் கண்டு களிக்கட்டும்; அது அவர்கள் பருவத்தின் உரிமை. உடன் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், கடலில் எறியப்பட்ட அந்தப் பரிசுகளை அவர்களுக்குச் சுட்டிக்காட்டலாம். உன்னை எல்லாரும் தவறாக எண்ணும்போதும் நீ சரியானதைச் செய்வாயா என்று மெல்லக் கேட்கலாம். அக்கேள்விக்கு நம்மிடமும் விடை இருக்க வேண்டும். அந்த விடையை மக்கள் அறியாமற் போகலாம். உள்ளங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே.