குண்டூசி அளவு

விடிவதற்கு முன்பே எழுந்து ஹெலிகாப்டரை மேசைமேல் வைத்துக்கொண்டேன். டாங்க் காலி. முதலில் டிரான்ஸ்மிட்டர், அப்புறம்தான் ரிசீவர். இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. சர்வோ மோட்டார்கள் ஒருமுறை சிலிர்த்து அடங்கின. இன்று பறக்கவிடும் எண்ணம் இல்லை. த்ராட்டில் ட்ரிம்மை மட்டும் சரிபார்க்க வேண்டும்.

ட்ரிம் என்பது ஸ்டிக்கை ஒட்டியிருக்கும் சின்ன நெம்பு. எஞ்சினை முழுக்க ஆள்வது ஸ்டிக். ட்ரிம் தொடுவது அடிமட்டத்தை மட்டும். ஸ்டிக் கீழே கிடக்கும்போது கார்ப்புரேட்டர் எவ்வளவு திறந்திருக்கலாம் என்பதே அதன் கவலை. என் டிரான்ஸ்மிட்டரில் ஸ்டிக் பாதியைத் தாண்டிவிட்டால் ட்ரிம்முக்கு வேலை இல்லை. பறக்கும்போது எஞ்சின் வேகத்தைக் குறையவிடாத ஐடில்-அப் ஸ்விட்சைப் போட்டாலும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஹெலிகாப்டரில் ஒரே ஸ்டிக்தான் பிளேடுகளின் கோணத்தையும் எஞ்சினையும் சேர்த்து நகர்த்துகிறது. ட்ரிம்மைத் தள்ளினால் எஞ்சின் மட்டும் அசையும், பிளேடுகள் அப்படியே இருக்கும். கட்டிவைத்த இரண்டை ஓரிடத்தில் மட்டும் அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். இதை யோசித்தவருக்கு மனதுக்குள் வணக்கம் சொல்லாமல் நான் ட்ரிம்மைத் தொட்டதில்லை.

*

முதல் வருஷம் நடந்ததை எழுதிவைக்க வேண்டும். ஸ்டிக்கைக் கீழே இறக்கினால் எஞ்சின் அணைந்துபோகும். ட்ரிம்மைக் கொஞ்சம் மேலே தள்ளுவேன். இரண்டு நாள் ஓடும், மறுபடி அணையும். மறுபடி தள்ளுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரிம் உச்சிக்கே போய்விட்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. குளோ பிளக்கில் கிளிப்பை மாட்டி, இடது கையால் ரோட்டார் ஹெட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை வைத்தேன். எஞ்சின் பிடித்த அதே நொடியில் கிளட்சும் பிடித்தது. கைக்குள் இருந்த ஹெட் முறுக்கிக்கொண்டு திமிறியது. உள்ளங்கைத் தோல் உரிந்தது, ஆனாலும் விடவில்லை. விட்டிருந்தால் பிளேடு என் முகத்தை உரசிக்கொண்டு போயிருக்கும்.

பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர் குனிந்து எரிபொருள் குழாயை இரண்டு விரலால் நசுக்கினார். எஞ்சின் நின்றது. கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, ட்ரிம்மத் தள்ளித் தள்ளி எதை மறைக்கிற? வீட்டுக்குப் போயி கார்ப்பத் தெறந்து பாரு."

பார்த்தேன். சர்வோவையும் கார்ப்புரேட்டரையும் இணைக்கும் ராடின் நீளம் சரியில்லை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது எரிபொருளை அளந்துவிடும் ஐடில் நீடிலும் அளவுக்குமேல் திறந்திருந்தது. இரண்டு பிழைகளையும் மாதக்கணக்கில் அந்த ஒரு நெம்பின் தலையில் ஏற்றிவைத்திருக்கிறேன்.

*

அதற்குப் பிறகு மேசையில் இப்படித்தான். ட்ரிம் நடுவில், சப்-ட்ரிம் பூஜ்யத்தில். த்ராட்டில் கர்வ் நேர்கோடு: 0, 25, 50, 75, 100. ஸ்டிக் பாதியில் நிற்கும்போது சர்வோ கை ராடுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், கார்ப்புரேட்டரும் பாதி திறந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் ராடின் முனையிலுள்ள பால் லிங்கைக் கழற்றி ஒரு சுற்று திருகி, மாட்டிப் பார்க்கிறேன். திரும்பக் கழற்றுகிறேன். டிரான்ஸ்மிட்டர் திரையில் எண்ணை மாற்றிவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடியும் வேலை இது. இந்த இடத்தில் எண்ணைத் தொடுவதில்லை என்பது என் பிடிவாதம். இரும்பில் இருக்கிற பிழையை இரும்பிலேயே தீர்க்க வேண்டும்.

அதன்பிறகு இரண்டு முனைகள். ஸ்டிக் முழுக்க மேலே போனால் கார்ப்புரேட்டரின் துளை முழுக்கத் திறக்க வேண்டும், அதற்கு மேல் தள்ளக்கூடாது. தள்ளினால் சர்வோ முனகும். காதை அருகே கொண்டுபோனால்தான் கேட்கிற, கொசு அளவுச் சத்தம். அந்த முனகல் நிற்கும்வரை முனை அளவைக் குறைத்துக்கொண்டே வருகிறேன்.

ஸ்டிக்கும் ட்ரிம்மும் கீழே இருந்தால் துளை முழுக்க மூட வேண்டும். எஞ்சினை நிறுத்த அதுதான் வழி. ட்ரிம்மை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்தால் மெல்லிய பிறை தெரிய வேண்டும். டார்ச்சை அடித்துக் கார்ப்புரேட்டரின் வாய்க்குள் ஒரு கண்ணால் பார்க்கிறேன். உருளை திரும்பும்போது இருட்டின் ஓரத்தில் அந்தப் பிறை வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, குண்டூசி நுழையும் அளவு. எஞ்சினின் உயிர் முழுவதும் அந்த இடைவெளி வழியாகத்தான் மூச்சு விடப்போகிறது. இதைப் பார்க்கும்போது என் மூச்சும் மெதுவாகிவிடுவதை இன்று கவனித்தேன்.

*

சர்வோவுக்கு நொடிக்குச் சுமார் 50 துடிப்புகள் போகின்றன. ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிநொடி நீளம், நடு நிலை ஒன்றரை. ட்ரிம்மை ஒரு க்ளிக் தட்டினால் அந்த நீளத்தில் சில மைக்ரோநொடிகள் கூடும் அல்லது குறையும். அவ்வளவு சிறியதை என் கட்டைவிரல் நகர்த்துகிறது.

*

மறுநாள் திடலில். கிழக்கே வெளிச்சம் வந்துவிட்டது, புல்லில் ஈரம். ரோட்டார் ஹெட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். பிடித்த கைக்குள் ஹெட் சும்மா இருந்தது. கிளட்ச் பிடிக்கவில்லை.

கிளட்சின் ஷூக்கள் வேகம் கூடினால் விரிந்து டிரம்மைப் பற்றிக்கொள்ளும். அந்த வேகத்துக்குக் கீழேதான் ஐடில் நிற்க வேண்டும். அதற்காக அதிகம் இறக்கினால் எஞ்சின் அணைந்துவிடும். பற்றிக்கொள்ளாமலும் அணையாமலும் இருக்கிற ஒரு குறுகிய இடத்தில் ட்ரிம் உட்கார வேண்டியிருக்கிறது. வீட்டில் பாலைச் சிம்மில் வைத்துவிட்டு அம்மா அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றுகொண்டிருப்பார். அந்த நிற்பு எதற்கென்று எனக்கு இப்போது தெரிகிறது.

எரிபொருள் குழாயை விரலால் நசுக்கினேன். எஞ்சின் லேசாக வேகமெடுத்து, மூன்று நான்கு நொடியில் சோர்ந்தது. ஐடில் நீடில் சரி. நசுக்கியதும் நின்றிருந்தால் எரிபொருள் போதவில்லை. நெடுநேரம் வேகமெடுத்துக்கொண்டே ஓடியிருந்தால் அதிகம். விரலை எடுத்தேன், சீரானது. புகையில் விளக்கெண்ணெய் வாசனை. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த இந்த எரிபொருளில் அதுவும் கொஞ்சம் இருக்கிறது. என் தலைமுறைக்கு அந்த வாசனை வீட்டு வாசனை.

பத்து மணிக்கு வெயில் ஏறியது, கூடவே புழுக்கமும். சூடான ஈரக் காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, கலவை கனத்துப்போகிறது. ஐடில் தாழ்வது காதில் கேட்டது. ட்ரிம்மை இரண்டு க்ளிக் மேலே தட்டினேன். ட்ரிம் இதற்காகத்தான் இருக்கிறது: இன்றைய காற்றுக்கும் நேற்றைய காற்றுக்கும் உள்ள வித்தியாசத்துக்காக. நடுவில் நிற்பதால்தான் இரண்டு பக்கமும் அதற்கு இடம் இருக்கிறது. அன்று உச்சியில் நின்ற ட்ரிம்முக்குப் போக இடமே இல்லை.

*

ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1970-ஐ ஒட்டிய காலத்தில் மாடல் ஹெலிகாப்டரை நம்பிப் பறக்கவிடும் நிலைக்குக் கொண்டுவந்தவர். அவருடைய தொடக்க கால மாடல்களில் பிளேடின் கோணம் மாறாது. ஏறுவதும் இறங்குவதும் எஞ்சினின் வேகத்தால் மட்டுமே. ஸ்டிக்கைத் தள்ளிவிட்டு ரோட்டார் வேகமெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை நான் அடிக்கடி கற்பனை செய்வதுண்டு.

இப்போது பெரும்பாலோர் மின்சார ஹெலிகாப்டருக்கு மாறிவிட்டார்கள். அங்கே ட்ரிம் அடியில் இல்லாவிட்டால் பல ஸ்பீடு கன்ட்ரோலர்கள் மோட்டாரைக் கிளப்பவே மாட்டா. பாதுகாப்பு, சரிதான். ஆனால் காதால் கேட்டுச் சரிசெய்ய அங்கே ஐடில் இல்லை.

*

மாலை. கடைசியாக ஒருமுறை கண்மட்டத்தில் நிறுத்தி இறக்கினேன். ஸ்டிக்கைக் கீழே வைத்ததும் கிளட்ச் விட்டது. ரோட்டார் தன் பாட்டுக்குச் சுழன்று, பிளேடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. எஞ்சின் சிம்மில் ஓடிக்கொண்டிருந்தது. சூடு தணிய அரை நிமிஷம் விட்டேன். அப்புறம் ட்ரிம்மைக் கீழே இழுத்தேன். பிறை மூடியது.

வால் குழாயில் படிந்த எண்ணெயைத் துணியால் துடைத்தேன். பையில் வைக்கும் முன் ட்ரிம்மை மறுபடி நடுவுக்குத் தள்ளினேன்.