நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி



சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவில், நாம் ருகூவில் இருக்கும்போது ஒரு செல்போன் சினிமாப் பாட்டோடு அலறியது. நின்றது. ஸஜ்தாவில் மறுபடி அலறியது. ஸலாம் கொடுத்ததும் நான் மைக்கைப் பிடித்து, "அல்லாஹ் கூப்பிட்டு வந்தவரை வேறு யாரோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது, போய்ப் பேசிவிட்டு வரட்டும்" என்றேன். ஸஃப்பில் சிரிப்பு. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டீங்க ஹஜ்ரத்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி.

அந்த இளைஞர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். நான்கு வாரம் பள்ளிக்கு வரவில்லை. பிறகு டீக்கடையில் பார்த்துக் கேட்டேன். "அன்னைக்கு உயிரே போயிடுச்சு ஹஜ்ரத். பூமி பொளந்து உள்ள போயிடக்கூடாதான்னு இருந்துச்சு" என்றார். அழைத்தது அவருடைய சூப்பர்வைசர். தினமும் ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரையும் நிற்க வைத்து, ரிஜெக்ட் ஆன பாகத்தைக் கையில் தூக்கிக் காட்டி, இது யார் வேலை என்று கேட்பாராம். "அங்க பழகிடுச்சு. இங்க அது இருக்காதுன்னு நெனச்சேன்."

தொடர்ந்து மூன்று ஜும்ஆவை அலட்சியமாக விடுவது பற்றிய எச்சரிக்கையை இதே மிம்பரில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவர் விட்டதற்குக் காரணம் மிம்பரில் நின்றவன்.

வெட்கம் எல்லை மீறும்போது மனிதன் ஏன் மரணத்தின் மொழியைப் பேசுகிறான்? நாம் செத்துப் போனேன் என்கிறோம். நம்மோடு தொழும் பீகார் சகோதரர்கள் வெட்கத்தால் தண்ணீராகிவிட்டேன் என்பார்கள். மர்யம் (அலை) அவர்கள் பேரீச்ச மரத்தடியில், இதற்கு முன்பே இறந்து அடியோடு மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கியதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அப்படியிருந்தும் அந்த ஏக்கம்.

அதே சொல் அனுபவித்தவன் வாயில் வேதனையாக இருக்கிறது, கொடுத்தவன் வாயில் பெருமையாகிவிடுகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகிற அளவுக்குக் கேட்டேன் என்று மார்தட்டுகிறோமே, அதன் பொருளை ஒரு முறையாவது யோசித்தோமா? நான் யோசிக்கவில்லை.

ஹயா என்பது உள்ளிருந்து வருவது. ஹயாத், அதாவது உயிர் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது இதைத்தான். ஃபளீஹத் வேறு. மறைந்திருப்பதைப் பிறர் முன் திறந்து போடுவது அது. விருந்தாளிகள் முன் தம்மை அந்த நிலைக்கு ஆளாக்க வேண்டாம் என்று லூத் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் கேட்டதாக அல்ஹிஜ்ர் அத்தியாயத்தில் வருகிறதே, அங்கே உள்ள சொல் இந்த வேர்தான். நாமோ பேச்சில் இரண்டையும் வெட்கம் என்று ஒன்றாக்கிவிடுகிறோம். அவருக்கு ஹயாவைக் கற்றுக்கொடுத்ததாக நினைத்தேன். கொடுத்தது ஃபளீஹத். அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவனுக்கு இந்த வித்தியாசம் டீக்கடையில்தான் புரிந்தது!

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி. முஆவியா பின் ஹகம் அஸ்ஸுலமீ (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்குப் புதியவர். தொழுகையில் ஒருவர் தும்ம, இவர் தொழுதபடியே அவருக்குப் பதில் துஆ சொல்லிவிட்டார். எல்லோரும் முறைத்தார்கள். தவித்துப்போய், தன் தாய் தன்னைப் பறிகொடுத்துவிட்டாளே என்கிற பொருளில் ஒரு சொல்லைச் சொன்னார். அங்கும் மரணம்தான்! மக்கள் தொடையில் தட்டி அவரை அடக்கினார்கள். தொழுகை முடிந்தது. நபியவர்கள் அவரை அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. இந்தத் தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுவதும்தான் என்று மட்டும் விளக்கினார்கள். அதைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னும் பின்னும் நான் கண்டதில்லை என்கிறார் அந்த ஸஹாபி.

அப்படியானால் செல்போன் அலறினால் சும்மா இருப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. தவறைச் சொல்லியே ஆக வேண்டும். நபியவர்கள் பெயர் குறிப்பிடாமல், சிலருக்கு என்ன நேர்ந்தது, இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் பெயர் சொல்லவில்லைதான். ஆனால் எல்லாக் கண்களும் ஒருவர் மேல் நிற்கும்போது பெயர் எதற்கு? தக்பீருக்கு முன் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். இப்போது சொல்கிறேன்.

எல்லோர் முன்னும் செய்த தவறுக்கு எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அவர் பதறிவிட்டார். "வேணாம் ஹஜ்ரத், மறுபடி எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க." டீக்கடை பெஞ்சிலேயே மன்னிப்புக் கேட்டேன். பெயர் வராமல் பயானில் சொல்லலாமா என்று கேட்டதற்குச் சிறிது யோசித்து, சரி என்றார்.

அன்று இருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியும். இன்று எந்த ஸஃப்பில் இருக்கிறார் என்று நான் தேடவில்லை. நீங்களும் திரும்பிப் பார்க்காதீர்கள்.