எலி ஏறாத தீவின் கிளி

தஹிட்டியிலிருந்து தென்மேற்கே 600 கி.மீ.க்கு மேல் கடலில் போனால் ரிமாடரா வரும். பிரெஞ்சு பொலினீசியாவின் ஆஸ்திரல் தீவுக்கூட்டத்தில் ஒன்று. பரப்பு சுமார் 9 சதுர கி.மீ. மட்டுமே, ஆயிரம் பேர்கூட அங்கே வசிக்கவில்லை. இந்தத் துண்டு நிலத்தில்தான், ஒரு காலத்தில் பல தீவுகளில் பறந்து திரிந்த ஒரு கிளியினம் தன் இயல்பான எல்லைக்குள் மிஞ்சியிருந்தது.

ஊர்க்காரர்கள் அதை ‘ஊரா’ என்கிறார்கள். அறிவியல் பெயர் வினி குஹ்லி. முதுகும் சிறகும் பச்சை, தொண்டையிலிருந்து வயிறு வரை நல்ல சிவப்பு, பிடரியில் கருநீலம். அலகிலிருந்து வால் நுனிவரை 19 செ.மீ. அளவுதான்; நம் மைனாவைவிடச் சிறியது. ஜோடியாகவோ சிறு கூட்டமாகவோ, கிறீச்சிட்டுக்கொண்டே மரத்துக்கு மரம் தாவும்.

கிளி என்றாலே கொட்டையையும் தானியத்தையும் கொறிப்பது என்று பழகியவர்களுக்கு இதன் சாப்பாடு வியப்பாக இருக்கும். தேனும் மகரந்தமுமே இதற்குப் பிரதானம். நாக்கின் நுனியில் மெல்லிய முடிகளைப் போன்ற முளைகள் அடர்ந்திருக்கின்றன. பூவுக்குள் நாக்கை விட்டெடுத்தால் தேன் அவற்றில் ஊறி வந்துவிடும், மகரந்தமும் ஒட்டிக்கொள்ளும். இப்படிப்பட்ட பறவைக்கு வருடம் முழுவதும் எங்காவது ஒரு பூ விரிந்திருந்தாக வேண்டும். மாதம் தவறாமல் பாளை விடும் தென்னை அந்தக் கவலையைத் தீர்த்துவைக்கிறது. வாழைப்பூவும் உண்டு. அதனால் ஊரா அடர்காட்டை நம்பி வாழ்வதில்லை. ஊரை ஒட்டிய தோப்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தாராளமாகப் புழங்குகிறது. பட்டுப்போன தென்னையிலோ வேறு மரப்பொந்திலோ பெரும்பாலும் இரண்டு முட்டை இடுகிறது.

மனிதரோடு இவ்வளவு ஒத்துப்போகும் பறவை ஏன் அழிந்துகொண்டு வந்தது? முதல் காரணம் அதன் சிவப்பு. பொலினீசியர்களிடம் சிவப்பு இறகு வெறும் அலங்காரப் பொருள் இல்லை. தெய்வத்துக்கும் அரசுக்கும் உரிய நிறம். தஹிட்டியில் பெருந்தலைவர்கள் கட்டிக்கொண்ட அரைக்கச்சை சிவப்பு இறகால் ஆனது. அந்த இறகுக்காகத் தீவுக்குத் தீவு கிளி வேட்டை நடந்தது. குக் தீவுகளில் தொல்லியல் அகழ்வுகள் இந்தக் கிளியின் எலும்புகளை வெளிக்கொண்டுவந்திருக்கின்றன. பறவையோ எப்போதோ போய்விட்டிருந்தது.

ரிமாடராவில் மட்டும் அது தப்பியதற்கு ஓர் அரசியைக் காரணமாகச் சொல்வார்கள். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐந்தாம் தமயேவா, ஊராவை யாரும் தொடக்கூடாது என்று தடை விதித்தார். மக்கள் அதை மதித்தார்கள்; இன்றும் மதிக்கிறார்கள். கேட்க அழகான கதை, உண்மையும்கூட. ஆனால் அரசியின் கட்டளை மனிதரைத்தான் கட்டும், எலியைக் கட்டாது. என் கணிப்பில் பெரிய பங்கு வேறொன்றுக்கு உண்டு: ரிமாடராவில் கறுப்பு எலி கிடையாது.

இந்தக் கறுப்பு எலி நமக்கு அந்நியமில்லை. நம் வீட்டுப் பரணிலும் தென்னை உச்சியிலும் ஓடுவது அதுவேதான்; அதன் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம். ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் போனது. மரமேறுவதில் கெட்டிக்காரன் என்பதால் பொந்தில் இருக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் எமன். பொலினீசியர்களின் படகுகளிலேயே வந்து சேர்ந்த சிறிய பசிபிக் எலி ரிமாடராவில் உண்டு, ஆனால் அதனால் ஊராவுக்கு அந்த அளவு கேடில்லை. பவளத்திட்டு சூழ்ந்த ரிமாடராவில் பெரிய கப்பல் கரையோடு அணையும் துறைமுகம் அமையாததும் கறுப்பு எலி ஏறாமல் இருக்க உதவியிருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ச்சான்று கிரிபட்டி நாட்டில் இருக்கிறது. வெகு காலத்துக்கு முன்பே மனிதர்கள் இந்தக் கிளியை அங்குள்ள டெரைனா, டபுவேரான் தீவுகளுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டெரைனாவில் அது நன்றாகப் பெருகியது. கறுப்பு எலி நுழைந்த டபுவேரானில் குறைந்தது.

ஒரே தீவை நம்பியிருப்பது ஆபத்து. ஒரு சரக்கோடு எலி இறங்கினால் போதும். அதனால் 2007 ஏப்ரலில், கறுப்பு எலி இல்லாத குக் தீவான அட்டியூவுக்கு ரிமாடராவிலிருந்து 27 கிளிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அவை கூடு கட்டின. ஆனால் புதிய தொல்லை ஒன்று தலைதூக்கியது: மைனா. இதுவும் நம் பக்கத்துச் சரக்குதான்! தென்னையைத் தின்னும் குச்சிப்பூச்சிகளை ஒழிக்கவென்று நூறாண்டுக்கு முன் குக் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை, இப்போது ஊராவின் கூடுகளைத் தாக்கியது; பொந்தைவிட்டுப் பறக்கும் குஞ்சுகளையும் விரட்டியது. பிறகு நஞ்சு, பொறி, துப்பாக்கி என்று பல வழிகளில் ஆண்டுக்கணக்கில் மைனாக்களை ஒழித்த பின்னரே அட்டியூவில் ஊரா நிலைகொண்டது.

ரிமாடராவில் 2006-இல் விமான நிலையமும் திறந்துவிட்டது. வெளியுலகப் போக்குவரத்து கூடும்போது எலி நுழையும் வழிகளும் கூடும். கூண்டு வளர்ப்பும் காட்டுச் சரணாலயமும் இந்தக் கிளிக்கு அப்புறம்தான். முதலில் தேவைப்படுவது, தீவில் இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் பெட்டியையும் அவிழ்த்துப் பார்க்கிற சலிப்பூட்டும் வேலை.