கோணற்கொம்பு யாருடைய குற்றம்?

மாட்டின் கொம்பு வேறு. மானின் கொம்பு வேறு. மாட்டிற்கு முளைத்த கொம்பு ஆயுள் முழுதும் நிற்கும். சிவப்பு மான் போன்ற இனங்களில் ஆண்மான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்க்கிறது. வளருங்கால் அதன்மேல் மயிரடர்ந்த மெல்லிய தோல் போர்த்திருக்கும், இரத்தம் ஓடும், தொட்டால் உணர்ச்சியுண்டு. முற்றியபின் தோல் உரிந்து வெறும் எலும்பாகும். சில திங்களுக்குள் இவ்வளவு எலும்பை உண்டாக்கத் தீனி மட்டும் போதாமையால், மான் தன் விலா எலும்புகளிலிருந்தே சுண்ணச்சத்தைக் கடன் வாங்குகிறது. பசித்த மானும் நோயுற்ற மானும் எங்கே போய்க் கடன் வாங்கும்?

கொம்பு சிறுத்த மானையும் கோணிய மானையும் கண்டால், "இது இழிந்த வித்து, வம்சத்துக்கு ஆகாது" என்று சுட்டுக் கழிக்கும் வழக்கம் ஐரோப்பிய வேட்டைக்காரரிடம் நெடுங்காலம் இருந்தது. தலையைப் பார்த்தார்களேயன்றிக் காலைப் பார்த்தாரில்லை. பின்கால் முறிந்த மானுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக் கொம்பே கோணுகிறது. இடக்காலில் அடி, வலக்கொம்பில் ஊனம்!

யான் ஆலையில் பல்லாண்டு நின்றவன். கால் நசுங்கி நொண்டி நடந்த ஒருவருக்கு நாளடைவில் இடுப்பு ஒருபுறம் சாய்ந்ததைக் கண்டேன். புதிதாய் வந்த மேஸ்திரி அவரைப் பிறவிக் கூனன் என்று ஏசியதையும் கேட்டேன். அன்று யானும் வாய் திறக்கவில்லை.

கொம்பின் அமைப்பில் பிறப்புக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை, உண்டு. ஆனால் கண்ட மாத்திரத்தில் பிறப்பின்மேல் பழிபோடுவது நியாயமா என்பதே என் கேள்வி. ஸ்காட்லாந்து மலைகளில் மேய்ச்சல் வறியது. அங்குள்ள சிவப்பு மானின் கொம்பும் சிறியது. அங்கிருந்து கொண்டுபோன சில மான்களை 1871 இல் நியூசிலாந்தின் ஒட்டாகோவில் விட்டார்கள். அதுவரை மான் வாய்படாத தழை அங்கே நிறைந்திருந்தது. அவற்றின் வழிவந்தவை பருத்துக் கிளைத்த கொம்புகளால் வேட்டைக்காரரிடையே பெயர் பெற்றன. பிறகு கூட்டம் பெருகி மேய்ச்சல் தேய்ந்தபோது கொம்பும் தேய்ந்தது. வித்து அதுவேதான்.

இன்னொன்றும் கேளுங்கள். கொம்பு முளைக்கும் அடிக்கட்டை சிதைந்தால் ஊனம் நிலைத்துவிடக்கூடும். வளரும் கொம்பில் மட்டும் காயம்பட்டால் அவ்வாண்டுக் கொம்போடு அது போய்விட வேண்டுமல்லவா? எப்போதும் அப்படிப் போவதில்லை என்பதைப் பூபெனிக், பாவ்லான்ஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் 1965 இல் எழுதினர். அடிபட்ட எலும்பு உதிர்ந்து மண்ணில் கிடக்கிறது. புதிய கொம்பை எவரும் அடிக்கவில்லை. ஆயினும் பழைய காயத்தின் கோணல் அதிலும் தோன்றுகிறது. சில ஆண்டுகள் சென்றபின் அது மெல்ல மெல்ல நேராகிவிடும், அதற்குள் அந்த மானை எவரும் சுடாதிருந்தால்.