அடுத்தவர் வராவிடின்

திருச்சி கைலாசபுரம், கொதிகலன் தொழிற்சாலையை அண்டி எழுந்த குடியிருப்பு. பங்கு என்பது என்னவென்று அவ்வூராருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர்தம் பெல் நிறுவனத்தின் பங்கு 2007-இல் உச்சத்தைத் தொட்டுப் பின்னர்ப் பல்லாண்டுகள் சரிந்து கிடந்தது. வாங்கியோர் பலர் இழந்தனர். ஆயினும் அது வாணிபத்தின் இழப்பு. எவரும் எவரையும் பள்ளத்தில் தள்ளி ஏறிக்கொள்ளவில்லை.

ஓய்வூதியப் பணம் கைக்கு வரும் வேளையில் கதவைத் தட்டுவது வேறொரு சரக்கு. சிங்கப்பூரைச் சார்ந்த ஸ்பீக் ஏஷியாவுக்கு 11,000 ரூபாய் கட்டினால், இணையத்தில் கருத்துக்கணிப்புப் படிவம் நிரப்பிப் பணம் பெறலாம். ஆள் சேர்த்தால் மேலும் பெறலாம் என்றனர். 2011-இல் அது முடங்கியபோது இலட்சக்கணக்கானோர் தவித்தனர். திருச்சி மன்னார்புரத்திலிருந்து இயங்கிய எல்ஃபின் நிறுவனமும் பொருளாதாரக் குற்றப் பிரிவின் வழக்கில் சிக்கியது.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் அறுவரைச் சேர்க்கிறார்; அறுவரும் ஆளுக்கு அறுவர். எட்டாம் படியில் 16,79,616 பேர் வேண்டும். ஒன்பதாம் படியில் ஒரு கோடியைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பின்படி திருச்சி மாவட்டத்து மக்களோ ஏறத்தாழ 27 இலட்சம், தொட்டிற் குழந்தையும் உட்பட! ஏணி எந்தப் படியில் நின்றாலும், சேர்ந்தோரில் ஆறில் ஐந்து பங்கினர் தமக்குக் கீழே ஒருவருமின்றிக் கடைசிப் படியில் நிற்பர். இது நிர்வாகியின் நேர்மையைப் பொறுத்ததன்று. பெருக்கல் வாய்பாட்டின் விதி. இந்தியாவில் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் 1978-லேயே வந்துவிட்டது. பெயர் மாறும்போதெல்லாம் நாம் மறந்துவிடுகிறோம்.

"நான் ஆள் சேர்க்கவில்லையே, அந்நிறுவனத்தின் பங்கை மட்டுமே வாங்கினேன்" என்பார் உளர். இதுவே கடினமான வினா. அமெரிக்காவின் ஹெர்பலைஃப் பங்கு அழிந்துபோகும் என்று 2012-இல் பில் ஆக்மன் நூறு கோடி டாலர் பந்தயம் கட்டினார். 2018-இல் நட்டத்தோடு விலகினார். இடையே 2016-இல் அந்நிறுவனம் அரசின் வணிக ஆணையத்தோடு உடன்பட்டு 20 கோடி டாலர் செலுத்தியது. வெகுமதியை ஆள் சேர்ப்போடன்றி உண்மையான விற்பனையோடு பிணைக்கவும் ஒப்பியது. ஆக, பங்கின் விலை ஏறுவது தூய்மைக்குச் சான்றாகாது. இறங்குவது குற்றத்துக்கும் சான்றாகாது. நீரிலுள்ள மீனையும் வானத்துப் பறவையையும் விற்கலாகாது என்று ஃபிக்ஹு அறிஞர் 'கரர்' பற்றிக் கூறுவர். இங்கே விற்கப்படுவது மீன்கூட அன்று. இனிமேல் வரப்போகும் அண்டைவீட்டாரின் சேமிப்பு.

எனவே பங்கை எடைபோடுவோர் ஆண்டறிக்கையில் முதலில் தேடவேண்டியது இலாபத்தையன்று. நாளைமுதல் புதியவர் ஒருவரும் சேராவிடின் வருமானத்தில் எவ்வளவு எஞ்சும்? உறுப்பினரல்லாத ஒருவர் அதே பொருளை அதே விலைக்குக் கடையில் வாங்குவாரா? இவற்றுக்கு விடை கிடைக்காத இடத்தில் ஈவுத்தொகை என்று வருவது கடைசிப் படியினரின் நுழைவுக் கட்டணமே. நேரத்தோடு விற்று வெளியேறியவரைச் சாமர்த்தியசாலி என்கிறோம். அவர் பையிலுள்ள பணத்தை உரியவரிடம் திருப்பித் தர விரும்பினாலும், அந்த உரியவரின் முகவரி அவரிடம் இல்லை.