மண்வெட்டி பிடித்தவரிடம் சொல்லும் குறை

2024 மார்ச் 29 ஆம் திகதி வெளியான ஒரு செய்தி கணினித் துறைக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்ஸெட் என்ற சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் யாரோ களவாகப் பின்கதவு வைத்திருந்தது அன்று அம்பலமானது. அந்தப் பதிப்புகள் எங்கும் பரவியிருந்தால், உலகின் எத்தனையோ சேவையகங்களுக்குள் நினைத்த நேரம் நுழைந்திருக்கலாம். கதவு வைத்தவரின் கெட்டித்தனத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. மனதை உறுத்துவது வேறு. அந்தக் கதவுக்கு வழிவிட்டது கடுஞ்சொல்.

அந்த மென்பொருளைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தவர் லாஸே கொலின் என்ற பின்லாந்துக்காரர். சம்பளம் இல்லை, ஓய்வு நேர வேலை. 2022 இல் முன்பின் தெரியாத சில பெயர்களிலிருந்து அவருக்கு அஞ்சல்கள் வரத் தொடங்கின. வேலை நகரவில்லை, உனக்கு அக்கறை போய்விட்டது, வேறொருவரிடம் கொடு என்ற தொனியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீண்ட நாளாகத் தனக்கு மனநலச் சிக்கல் இருப்பதையும், இது கூலியில்லாத வேலை என்பதையும் அவர் எல்லோர் முன்னிலையிலும் எழுதிச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த நெருக்கடியில் உதவிக்கு நின்ற ‘ஜியா டான்’ என்ற பெயர்க்காரரிடம் பொறுப்பு மெல்ல மெல்லக் கைமாறியது. பின்கதவு வைத்தது அந்தக் கைதான். அதட்டிய பெயர்களும் அதே நாடகத்தின் வேடங்கள் என்றே பரவலாகக் கருதப்படுகிறது.

சதிகாரர்கள் ஏன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்? தொண்டர்களை அதட்டுவது கட்டற்ற மென்பொருள் உலகில் அவ்வளவு சாதாரணம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆகவே தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூலி வாங்காமல் செய்பவரின் வேலையில் குறை சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும். அவரை அதட்டும் உரிமை எவருக்கும் இல்லை.

இலங்கையில் கனமூலை போன்ற ஊர்களில், ஊர்கூடிக் கூலியின்றிச் செய்யும் சிரமதானத்தை அறியாதவர் இல்லை. மழைக்கு முன் வடிகால் வெட்ட இருபது பேர் மண்வெட்டியோடு இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் களப்புப் பக்கம் ஓட வேண்டும். வெட்டியதோ மறுபக்கம் சரிந்து கிடக்கிறது. வீதியில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, “இதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார் ஒருவர். அவர் சொன்னது பொய்யில்லை, சரிவு பிழைதான். இன்னொருவர் மேசன் வீட்டிலிருந்து தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை எடுத்து வருகிறார். ஒரு முனையை இந்தப் பக்கமும் மறு முனையை அந்தப் பக்கமும் பிடிக்கச் சொல்கிறார். குழாயின் நீர்மட்டத்திலிருந்து அளந்தால் தரை நான்கு விரல் வித்தியாசம் காட்டுகிறது. யாருக்கும் கோபம் வரவில்லை. எல்லோரும் குழாயைத்தான் பார்க்கிறார்கள்.

இருவரும் கண்டது ஒரே பிழை. முதலாமவர் சொன்னதில் உண்மை இருந்தது, அறம் இல்லை.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் ஐயங்கள் களையப்பட்டே அரங்கேறியது என்கிறது பனம்பாரனாரின் பாயிரம். கேள்வி கேட்காமல் ஒரு நூலை ஏற்பது அந்த அவையின் மரபல்ல. நன்னூல் நூலுக்குப் பத்துக் குற்றங்களை வகுத்துச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்று போகும் அந்தப் பட்டியலை இன்றைய மென்பொருள் வடிவமைப்பின் மீது வைத்துப் பார்த்தாலும் பொருந்தும். பத்தும் நூலின் குற்றங்கள். நூல் செய்தவர் சோம்பேறியா, திறமையற்றவரா என்ற கேள்வியே அங்கே இல்லை.

கடுமைக்குச் சாட்சியாக நக்கீரரை அழைப்பவர்கள் உண்டு. திருவிளையாடற் புராணத்தைத் திறந்து பார்க்கட்டும். தருமி கொண்டுவந்த பாட்டில் சொற்குற்றம் இல்லை, பொருட்குற்றம்தான் இருக்கிறது என்று வகை பிரித்துச் சொல்கிறார் நக்கீரர். சரியானதைச் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே பிழைக்கு வருகிறார். இறைவனுக்கும் அஞ்சாத அந்தத் துணிவைப் புகழ்கிறோம். அதற்கு முன்னிருந்த நேர்மையை ஏன் மறக்கிறோம்? வள்ளுவரும் இடித்துச் சொல்வாரில்லாத அரசன் பகைவரே இல்லாமலும் கெடுவான் என்றார், ஆனால் அதைச் சொன்ன இடம் பெரியாரைத் துணைக்கோடல். இடிக்கும் உரிமை துணை நிற்பவருக்கே. கொடுங்கோலன் பிர்அவ்னிடம் அனுப்பும்போதுகூட மென்மையாகப் பேசுமாறுதான் மூஸா (அலை), ஹாரூன் (அலை) இருவருக்கும் அல்லாஹ் கட்டளையிட்டான். தாஹா சூராவில் அது இருக்கிறது. பிர்அவ்னுக்கே அந்த மரியாதை என்றால், இரவில் பிள்ளைகள் தூங்கியபின் கண்விழித்து நமக்காக இலவசமாகக் கோட் எழுதுபவருக்கு எவ்வளவு?

தண்ணீர்க் குழாயை எடுத்து வந்தவர் எக்ஸ்ஸெட் கதையிலும் உண்டு. அந்திரேஸ் பிராயிண்ட் மைக்ரோசொப்டில் வேலை செய்யும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். தன் கணினியில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். திட்டி எழுதவில்லை. அளந்தார், காரணத்தைத் தேடிக் கோட்டுக்குள் இறங்கினார், கண்டதை உரியவர்களிடம் முதலில் தனியே தெரிவித்தார், பிறகு சான்றுகளோடு பொதுவில் வைத்தார். நஸீஹத், அதாவது நலம் நாடிச் சொல்லும் அறிவுரை, என்று நாம் சொல்வது இதைத்தான்.

மென்மை பார்த்தால் தரம் கெடும் என்ற வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். கோடிக்கணக்கானோர் நம்பும் கோட்டில் பிழையைப் பூசி மெழுகக் கூடாது என்பது நியாயமே. ஆனால் 1991 இல் லினக்ஸைத் தொடங்கி, சுடுசொல்லுக்குப் பேர்போன லினஸ் டோர்வால்ட்ஸே 2018 செப்டெம்பரில் தன் பேச்சுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். லினக்ஸின் தரம் அதனால் கெட்டுவிடவில்லை.

கேட்பவருக்கும் கடமை உண்டு. காது கசக்கும் சொல்லைப் பொறுக்கும் அரசனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்பது இறைமாட்சியில் வள்ளுவர் வைத்த கருத்து. ஒரு முஃமினை இன்னொரு முஃமினுக்குக் கண்ணாடியாகச் சொல்லும் நபிமொழியும் நாம் அறிந்ததே. முகத்தில் கரி இருப்பதைக் காட்டியதற்காகக் கண்ணாடியோடு சண்டை பிடிப்பார் உண்டா? தம் வேலை திருத்தப்படுவதை ஏற்பதற்கு நம் நாட்டுத் தொண்டர்கள் நல்ல முன்மாதிரி. 2004 டிசெம்பர் 26 சுனாமியின் பின் இலங்கை நிரலாளர்கள் அவசர அவசரமாக எழுதியதுதான் ‘சஹன’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள். காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிய உதவிய அது, 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நலன் விருதும் அதற்குக் கிடைத்தது. முதலில் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இருந்ததைப் பின்னாளில் பைத்தன் மொழியில் புதிதாக எழுதி ‘ஈடன்’ என்று பெயரிட்டார்கள். முதலில் எழுதியவர்களின் பெருமை அதனால் ஒரு குன்றிமணியளவும் குறையவில்லை.

லாஸே கொலினும் ஓடி ஒளியவில்லை. ஜியா டானின் கை பட்ட இடங்களைத் தேடிப் பார்த்து, பின்கதவை அகற்றி, 2024 மே 29 இல் 5.6.2 பதிப்பை அவரே வெளியிட்டார்.